தையல் டேப்பும் வஞ்சிர மீனும்

கேள்வி: நான் சேலம் சூரமங்கலத்தில் வசிக்கும் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் குழம்பு தவறாது. தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்ததிலிருந்து இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. மீன் மார்க்கெட்டுக்கு என்னுடன் வந்து, தன் தாயாரின் தையல் டேப்பை எடுத்து, மீனைத் தலை முதல் வால் நுனி வரை அளக்கிறாள். நீளம் குறைந்தால் வாங்க விடுவதில்லை. "பாப்பா, மீனுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கடைக்காரர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மே மாதம் தடைக்காலம் என்று சொல்லி வஞ்சிரத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் அரைக் கிலோ வாங்கி வந்ததற்கு மூன்று நாள் பேசவில்லை. இங்கிருந்து 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடல், நான் வாங்கும் ஒரு கிலோவால் வற்றிவிடுமா? புரட்டாசி முழுவதும் விரதம் இருக்கிறேனே, அது கணக்கில் சேராதா? கடல் மீனே கூடாது என்றால் மேட்டூர் மீனாவது சாப்பிடலாமா? அவளிடம் காட்டக்கூடிய வகையில் ஒரு பதில் எழுதித் தரவும்.

(கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில்: "ஐயா, அப்பாவும் மகளும் அவர்கள் சண்டையைப் பார்த்துக்கொள்ளட்டும். என் டேப்பில் மீன் வாடை போகவே இல்லை. அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.")

பதில்:

அன்புள்ள ஐயா,

கடல்மீன் வள ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரையோரத்தில் பணியாற்றிவிட்டு, எஞ்சிய காலத்தை மீன் வாடை எட்டாத உயரத்தில் கழிப்பது என்று முடிவு செய்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் குடியேறியவன் நான். அந்த முடிவு முதல் வாரத்திலேயே பொய்த்துப்போயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, வண்டியின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, "அயிலை, மத்தி, சங்கரா" என்று கூவியபடி ஒருவர் என் வாசலுக்கே வந்து நின்றார். பெட்டியிலிருந்த அயிலை, உயிரோடு இருந்தபோது கடலில் நீந்திய தூரத்தைவிட, இறந்த பிறகு லாரியிலும் வண்டியிலும் வந்த தூரம் அதிகமாக இருக்கும் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே உங்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்திருப்பவர் அப்படியொன்றும் நடுநிலையானவர் அல்லர்.

இந்தப் பதிலை மகளிடம் நீட்டுவதற்கு முன் ஒருமுறை நீங்கள் முழுவதும் படித்துவிடுவது நல்லது. ஒரு விஷயத்தில் நீங்கள் வெல்கிறீர்கள், ஒரு விஷயத்தில் அவள் வெல்கிறாள், இன்னொன்றில் நீங்கள் எதிர்பாராத ஒரு சாட்சியாக நாமக்கல் கோழி கூண்டேறப் போகிறது.

முதலில் கடல் வற்றுமா என்பது. இதே கேள்விக்கு உங்களுக்கு முன்பே "வற்றாது" என்று விடை சொன்னவர் சாதாரண மனிதர் அல்லர். டார்வினுக்காக வாதாடிப் புகழ்பெற்ற அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. 1883இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் பேசும்போது, காட் போன்ற பெரிய கடல்மீன் வளங்கள் அநேகமாக அள்ள அள்ளக் குறையாதவை என்று அவர் சொன்னார். அன்றைய படகையும் வலையையும் வைத்துப் பார்த்தால் அதைப் பெரிய பிழை என்று சொல்ல முடியாது. அதற்கும் முன்னால், 1497இல் ஜான் கேபட்டின் கப்பல் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையை ஒட்டிச் சென்றபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே காட் மீன் நிரம்பி ஏறியதாக ஊர் திரும்பியவர்கள் சொன்னார்கள். பிறகு கூடை போய் வலை வந்தது, பாய்மரம் போய் எந்திரம் வந்தது, கடைசியில் மீனை அங்கேயே வெட்டி உறைய வைக்கும் ஆலைக் கப்பல்கள் வந்தன. 1992 ஜூலையில் காட் பிடிப்பதையே கனடா அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லித்தான் அந்தத் தடையைப் போட்டார்கள். இரண்டே நாளில் தருகிறேன் என்று கைமாற்று வாங்கிப் போனவரைப் போல, அது 2024 வரை இழுத்துக்கொண்டே போயிற்று. அப்போதும் மீன் பழைய அளவில் திரும்பிவிடவில்லை. இத்தனை காலமும் கடலில் தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்பதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

உலகக் கணக்கும் இந்தத் திசையில்தான் போகிறது. 1974இல் கடல்மீன் தொகுதிகளில் (ஒரு கடற்பகுதியில் சேர்ந்து வாழும் ஓரின மீன்கூட்டம் ஒரு தொகுதி) 10 விழுக்காடு மட்டுமே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவையாக இருந்தன. 2021இல் அது 37.7 விழுக்காடு என்கிறது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு. ஆனால் உங்கள் கட்சிக்கும் ஒரு சான்று இருக்கிறது, அதை மறைப்பது தொழில் தர்மம் ஆகாது. நம் நாட்டின் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம் 2022ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தபோது, எடுத்துக்கொண்ட 135 தொகுதிகளில் 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாகக் கண்டது. இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவள் "அப்படியானால் மத்தி?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்பாள். கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னுக்கு இறங்கியது. கடல்நீரின் வெப்பம் மாறியது பெரிய காரணம். குஞ்சு மத்தியை வாரிக் குவித்தது அந்தக் காரணத்துக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டே அது மறுபடியும் லட்சம் டன்னைத் தாண்டியது என்றால், மத்தி ஓராண்டுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும் குறுவாழ்வு மீன் என்பதால்தான். எல்லா மீனும் இவ்வளவு தாராளமாக மன்னிப்பதில்லை.

சேலம் கடலிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். கரையோரத்தில் பணியாற்றிய காலத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. வஞ்சிரம் பிடித்து வந்த வீட்டில் அன்று அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் காரப்பொடி என்ற சிறு மீனின் குழம்பாகத்தான் இருக்கும். வஞ்சிரம் பனிக்கட்டிக்குள் படுத்துக்கொண்டு சேலத்துக்கோ கோவைக்கோ புறப்பட்டுப் போயிருக்கும். கரையில் இருப்பவருக்கு நாற்பது மீன்களின் பெயர் தெரியும், அன்றைக்கு எது மலிவோ அதைச் சமைப்பார். உள்நாட்டுக்காரராகிய நமக்கு வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால் என்று நான்கே பெயர்கள். நாம் எல்லாரும் சேர்ந்து அந்த நான்கையே கேட்பதால், அவற்றின் விலை ஏறுகிறது. விலை ஏறினால், ஒரு நாள் கடலுக்குப் போன படகு நான்கு நாள் தங்குகிறது, நூறு குதிரைத்திறன் எஞ்சின் இருநூறாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரமங்கலத்தில் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்கும் குரல் கடலுக்குக் கேட்காது என்று எண்ண வேண்டாம், ஏலக்காரர் மூலமாக அது கேட்டுவிடுகிறது.

இனிப் புரட்டாசி. விரதத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் மீன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. நீங்கள் புரட்டாசியில் வாங்காததால் விலை இறங்குகிறதே தவிர, பிடித்த மீனை யாரும் கடலில் திருப்பி விடுவதில்லை. அது குளிர்பதனக் கிடங்குக்கோ கருவாட்டுக்கோ போகிறது, ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கடை முன் நிற்கும் வரிசை ஒரே காலைப்பொழுதில் பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறது. எனவே அந்த விரதத்தின் பலனைப் பெருமாள் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, புரட்டாசியில் முட்டை மட்டும் விதிவிலக்கு என்று வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் பல உண்டு. உங்கள் வீடும் அவற்றில் ஒன்று என்றால், முன்பு சொன்ன சாட்சியைக் கூப்பிட வேண்டியதாகிறது. இழுவைப் படகு கடலின் தரையை ஒட்டி வலையை இழுத்துக்கொண்டு போகும்போது, தேடிப் போன இறாலோடு விரல் நீளக் குஞ்சுகள், சிறு நண்டுகள், பெயர் சொல்ல ஆளில்லாத பொடிகள் எல்லாம் வலையின் பை போன்ற பகுதியான மடியில் வந்து விழுகின்றன. ஒரு காலத்தில் இவற்றைக் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். இப்போது கழிவு மீன் என்று பெயரிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, மணலில் காய வைத்து, தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். 1997 வரை நம் மாவட்டமாகவே இருந்த நாமக்கல், முட்டைக்குப் பெயர் போன ஊர். சோயா வந்த பிறகு தீவனத்தில் மீன் குறைந்திருக்கிறது என்றாலும் நின்றுவிடவில்லை. முட்டையிடும் வயதை எட்டாத மீனைத் தின்று கோழி முட்டையிடுகிறது, அந்த முட்டையை மீன் விரதக்காரர் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுகிறார். இதில் கோழியைக் குற்றம் சொல்ல முடியாது, தட்டில் வைத்ததைத் தின்கிறது.

இப்போது டேப்புக்கு வருவோம். இதுதான் வழக்கின் மையம், இதில் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சேலத்துக்காரருக்கு இதை மாம்பழத்தால் விளக்குவதே முறை. ஒரு தோப்பில் பங்குனியில் பிடித்த வடு அத்தனையையும் ஊறுகாய்க்கு உலுக்கி எடுத்துவிட்டு, மே மாதத்தில் "மல்கோவா எங்கே போச்சு?" என்று மரத்தை அண்ணாந்து பார்ப்பவரை நாம் என்ன சொல்வோம்? வடுவாகப் பறித்தால் ஒரு கைப்பிடி, பழமாக விட்டிருந்தால் ஒரு கூடை. மீனிலும் இது அப்படியே நடக்கிறது: இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் மூன்று மடங்கு எடை தந்திருக்கும் மீனைக் கூறு கட்டி விற்றுவிடுகிறோம். மாந்தோப்புக்கு இல்லாத இன்னொரு ஆபத்தும் கடலில் உண்டு. வடுவைப் பறித்தாலும் மரம் நிற்கும், அடுத்த ஆண்டு காய்க்கும். முட்டையிடும் முன்பே மீன்களை எல்லாம் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மரமே இல்லை. விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்ற கதைதான். தோப்புக்காவது ஒரு குத்தகைக்காரர் இருப்பார், கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். கடலில் நான் விட்டுவைத்த மீனைப் பக்கத்துப் படகுக்காரர் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் யாருமே விட்டுவைப்பதில்லை. அந்தப் பயத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அவர் பிடித்துத்தான் விடுகிறார்.

வஞ்சிரம் முதல் முறையாக முட்டையிடும் பருவத்தை எட்டுவது ஏறத்தாழ 70 முதல் 75 சென்டிமீட்டர் நீளத்தில். அப்போது அதன் எடை கிட்டத்தட்ட 3 கிலோ இருக்கும். நீங்கள் "ஒரே அளவா, வீட்டுக்குக் கச்சிதமா" என்று பொறுக்கி எடுக்கும் ஒரு கிலோ வஞ்சிரம், மனிதக் கணக்கில் இன்னும் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாதது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வயது கேட்டு வாங்கிப் பழகிய நம்மவர், மீனிடம் மட்டும் வயதைக் கேட்காமல் செவுளை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். சிவந்த செவுள் மீன் புதியது என்பதைச் சொல்லும், பெரியது என்பதைச் சொல்லாது. கேரளத்தில் 2015 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியையும் 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த அயிலையையும் பிடிப்பது குற்றம். உங்கள் மகள் செய்வது, அங்கே அதிகாரி செய்யும் வேலையை இங்கே சம்பளமில்லாமல் செய்வது.

ஆனாலும் அவளுக்கு முழு மதிப்பெண் போட மாட்டேன். வஞ்சிரத்தை வால் நுனி வரை அளக்கக் கூடாது. பனிக்கட்டியில் உருண்டு வரும் மீனின் வால் நுனிகள் ஒடிந்தும் தேய்ந்தும் போயிருக்கும், அளவு மாறிவிடும். மூக்கு நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவட்டை வரை, உடலின் வளைவைத் தொடராமல் நேர்கோட்டில் அளக்க வேண்டும். துணி டேப் வயிற்றின் மேல் வளைந்து போய் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஒரு குட்டி மீனுக்கு வயது வந்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்திருப்பாள். மரத்தாலான அடிக்கோல் ஒன்று போதும். துண்டாக வாங்குவதாக இருந்தால், வெட்டுக் கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் தலையைக் காட்டச் சொல்லுங்கள். தலை உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கினால் அந்தத் துண்டு வேண்டாம்.

இந்த இடத்தில் என் பழைய குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடியற்காலை நான்கு மணிக்கு ஏலக் கூடத்துக்குப் போய், மாதிரிக்காக ஐம்பது மத்தி எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் அளவுப் பலகையில் கிடத்தி நீளம் குறித்து, எடை போட்டு, வயிற்றைக் கீறிச் சினை பார்த்து, பதினொரு மணிக்குள் குறிப்பேட்டை நிரப்ப வேண்டும். ஒரு நாள் ஐம்பதில் நாற்பதுக்கு மேல் சினையே பிடிக்காத குஞ்சுகள். "அளவில் மிகச் சிறியவை, பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும்" என்று நிறுத்தி எழுதிக் கையொப்பமிட்டேன். அப்புறம் நானும் உடன் வேலை பார்த்த நண்பரும், அதே குஞ்சுகளைக் கழுவி, மிளகாய்த் தூளும் உப்பும் பிசறி, பின்புறத்து மண்ணெண்ணெய் அடுப்பில் பொரித்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். முள் கூடத் தெரியவில்லை, அவ்வளவு இளசு. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். இன்றும் யாராவது தேடினால் கிடைக்கலாம்.

தடைக்கால வஞ்சிரத்தில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறேன். ஆடி மாதத்தில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைப்பது நம் வழக்கம். சித்திரை, வைகாசியில் மீன்களைப் பிரிக்காமல் விட்டுவைப்பது அரசின் வழக்கம். தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இதில் உங்கள் மகள் மறந்துவிட்ட இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. செவுள் வலை விரித்து அவர்கள் பிடித்து வரும் வஞ்சிரம் சட்டப்படியும் நியாயப்படியும் நல்ல மீன். அதை நாமும் வாங்காமல் விட்டால் அந்த இரண்டு மாதத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் நல்ல விலையும் போய்விடும். இரண்டாவது, மேற்குக் கரையில் தடை தொடங்குவதே ஜூன் 1இல்தான், அது ஜூலை 31 வரை நீளும். ஆகவே நீங்கள் மே மாதத்தில் வாங்கிய அரைக் கிலோ, கேரளத்திலிருந்தோ மங்களூரிலிருந்தோ முறையாகவே வந்திருக்கலாம். ஜூன் 1 முதல் 14 வரையான இரண்டு வாரங்களில்தான் இரண்டு கரைகளும் ஒருசேர மூடியிருக்கின்றன. அந்த நாட்களில் யாராவது மலைபோல் குவித்து வைத்து "இன்னைக்குக் காலைல பிடிச்சதுங்க" என்று சொன்னால், எந்த ஆண்டின் காலை என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அதற்காக 61 நாள் தடையே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி கிடந்துவிட்டு, துவாதசிப் பாரணையில் மூன்று ஆள் சோற்றைச் சாப்பிடுபவரின் உடம்பு இளைப்பதில்லை. ஜூன் 14 நள்ளிரவில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்கிக்கொண்டு கிளம்புவதைக் கரையில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். மேகமில்லாத இரவில் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் மலைமுனையிலிருந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது. கூடவே பயமும் வருகிறது, அத்தனை விளக்கும் வலை இழுக்கப் போகிறதோ என்று. தடை முடிந்த முதல் வாரம் மடி நிறையும். அதற்கடுத்த வாரங்களில் படகுகளின் எண்ணிக்கையும் எஞ்சினின் வலுவும் குறையாத வரை, இரண்டு மாதச் சேமிப்பு கரைந்துகொண்டே போகும்.

மீன்பிடித் தொழிலில் இருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிட்டு, வலைக்கும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இழுவை மடியின் கண்ணி, அதாவது வலைக்கண், 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் கண்ணியின் வடிவத்தைக் கவனியுங்கள். ஜவ்வரிசி ஆலையில் சலிக்கும் சல்லடைக்குக் கண் எப்போதும் திறந்தே இருக்கும், பொடி கீழே இறங்கிவிடும். மடியின் கண்ணி சாய்சதுரம். பாரம் ஏறி வலை இழுபடும்போது, பையின் வாய்க் கயிற்றை இழுத்தாற்போல, அந்தக் கண்கள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. உள்ளே மாட்டிய குஞ்சுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, வலையில் வழி இல்லை. சதுரக் கண்ணி இழுத்தாலும் மூடாது. அதை மடியின் கடைசிப் பகுதியில் மட்டும் வைத்தால்கூடப் பொடி மீன் பெருமளவு தப்பிவிடும் என்று தொழில்நுட்பர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தப்பிப் போவது தன் டீசல் காசு என்று படகுக்காரர் நினைப்பதுதான் தடை. அவர் கடனில் ஓடுகிற படகு அது. குஞ்சுக்கு விலை கிடைக்கிற வரை அவர் அப்படித்தான் நினைப்பார். கடையில் உங்கள் மகள் டேப்பை நீட்டி "இது வேண்டாம்" என்று சொல்லும்போது, அந்த விலையில்தான் கை வைக்கிறாள்.

மேட்டூர் மீன் தாராளமாகச் சாப்பிடலாம். கட்லாவும் ரோகுவும் காவிரியின் சொந்தப் பிள்ளைகள் அல்ல, கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குஞ்சு விட்டு வளர்க்கப்படுபவை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் செடித் துணுக்குகளையும் தின்பதால் அவற்றை வளர்க்கக் கடல் மீனைப் பொடியாக்க வேண்டியதில்லை. முள் அதிகம் என்ற புகாரை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், அவசரமாகச் சாப்பிடுபவருக்குத்தான் முள் அதிகம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்து முட்டையிட்டுப் போகும் மீன் ஒன்று இருந்தது. வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடும் அதற்கு நம் பக்கத்தில் உல்லம் என்று பெயர். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அதன் வழி அடைபட்டு, காவிரியில் அந்த மீன்பிடிப்பு மங்கிப்போயிற்று. அணையின் ஓரத்தில் வறுவல் சாப்பிடும்போது இது நினைவுக்கு வந்தால், ருசி ஒன்றும் குறையாது என்பது என் அனுபவம்.

கடைசியாக, கடைக்குப் போகும்போது நாவில் இன்னும் சில பெயர்கள் இருக்கட்டும். நெத்திலி, வளர்ந்த மத்தி, வளர்ந்த அயிலை, காரப்பொடி ஆகியவை வேகமாகப் பெருகுபவை. குறுமீன் வேறு, குஞ்சு மீன் வேறு. நெத்திலியைப் பார்த்துவிட்டு மகள் டேப்பை எடுத்தால், அது முழு வளர்ச்சி அடைந்ததே விரல் நீளம்தான் என்று நீங்கள் அவளுக்குப் பாடம் எடுக்கலாம்; அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், இருந்தாலும் தகப்பனுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். சுறாவைத் தவிருங்கள். மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், சுறா ஒரு ஈற்றில் போடும் குட்டிகள் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். சுறாப் புட்டுக்குப் பரிந்து பேசும் கடிதங்கள் எனக்கு வாரம் ஒன்றாவது வருகின்றன, அவர்களுக்கும் இதே பதில்தான்.

அம்மா, உங்கள் டேப்புக்கு வருகிறேன். கடல்மீன் கெடத் தொடங்கும்போது அதன் உடலில் உண்டாகும் ஒரு காரப்பொருள்தான் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) அந்த வாடை. அதனால்தான் சோப்புப் போட்டாலும் போவதில்லை, சோப்பும் காரம் என்பதால் காரத்தோடு காரம் சேர்ந்து கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். புளிப்பு பட்டால் அடங்கிவிடும். மீன் குழம்பில் புளி கரைத்து ஊற்றுவதில் இந்த வேலையும் சேர்ந்தே நடக்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் டேப்பைக் கால் மணி நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். புளித் தண்ணீர் வேண்டாம், கறை பிடித்து எண்கள் தெரியாமல் போய்விடும். பிறகு அதைத் தையல் எந்திரத்தின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அடிக்கோல் வாங்கிக் கொடுக்கும் செலவை உங்கள் கணவர் ஏற்கட்டும். தெரியாமல் வாங்கிய அந்த அரைக் கிலோ வஞ்சிரத்தைவிட அது மிகவும் மலிவு.